மென்பொருள் செய்விப்போர் கடமை

(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று பேசுவதற்கு எனக்குத் தரப்பெற்ற பொருள் சற்றுப் புதுமையானது. இம்மேடையில் கம்பனைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு மென்பொருள், ஒப்பந்தம், பில் என்னும் சொற்கள் இனிமை பயவா. எனினும் நம் செயலாளர் இதனையே பேச வேண்டும் என்று வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம்மவர் நடத்தும் சிறு தொழில்கள் பல. கல்யாணச் சமையல் காண்ட்ராக்டு எடுப்போர், மருந்துக் கடை வைத்திருப்போர், பாட்டு வகுப்பும் பரத வகுப்பும் நடத்துவோர் எனப் பலர் உள்ளனர். இவர்களில் சிலர் இப்பொழுது 'எங்களுக்கென்று ஓர் ஆப் வேண்டும்' என்று மென்பொருள் நிறுவனங்களை நாடுகின்றனர். வங்கியில் இட்டுவைத்த நிரந்தர வைப்பை முறித்தும் பணம் கொடுக்கின்றனர். ஆறு திங்கள் கழித்துப் பார்த்தால், ஒருவருக்கு நல்ல கருவி கிடைத்திருக்கிறது. மற்றொருவருக்கு மனக்கசப்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இருவரும் நாடியது ஏறக்குறைய ஒரே தரமுள்ள நிறுவனங்களைத்தான். வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே நான் பேச எடுத்துக்கொண்டது.

நான் நிரல் எழுதத் தெரிந்தவன் அல்லேன். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்தவன். அந்நிறுவனத்திற்கு வேண்டிய மென்பொருளை வெளியாரைக் கொண்டு செய்விக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன். ஆகவே செய்விப்போர் பக்கத்தை மட்டும் பேசுகிறேன். செய்வோர் பக்கத்தை, பின் வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் என்னினும் நன்கு அறிவர்.

குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது கடைக்குப் போகிறோம், பார்க்கிறோம், பணம் கொடுத்து எடுத்து வருகிறோம். மென்பொருளைச் செய்யச் சொல்லும்போதும் பலர் இம்மனநிலையிலேயே இருக்கின்றனர். பணம் கொடுத்தாயிற்று, இனிப் பொருள் வந்து சேரும் என்று காத்திருக்கின்றனர். உண்மையில் அது தையற்காரரிடம் துணி கொடுப்பதை ஒத்தது. அளவு கொடாமல் துணியை மட்டும் எறிந்துவிட்டு வந்தால், எத்துணைத் தேர்ந்த தையற்காரரும் என் செய்வார்?

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். நம் காலனியில் ஓர் அம்மையார் இட்லி மாவு அரைத்து வீடுகளுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு வீடுகள். ஆர்டர் எடுக்கச் செயலி ஒன்று வேண்டும் என்று ஒரு நிறுவனத்தை அணுகுகிறார். அங்குள்ள இளைஞர்கள் கெட்டிக்காரர்கள். பொருளைத் தெரிவு செய்தல், பணம் செலுத்துதல், வீட்டு முகவரி என்று எல்லாக் கடைச் செயலிகளிலும் இருப்பவற்றை அழகாகச் செய்து கொடுப்பார்கள். ஆனால், அவ்வம்மையாரின் தொழிலில் இரவு எட்டு மணிக்குள் வந்த ஆர்டர்தான் மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்ச் சேரும். ஏனெனில் அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும், அரைத்த மாவு புளிக்க வேண்டும். ஊற வைத்த அளவுக்கு மேல் விற்க இயலாது. மே மாதத்தில் பாதி வீடுகள் ஊருக்குப் போய்விடும். அவர்களுடைய அன்றாட ஆர்டரை நிறுத்தி வைத்துத் திரும்பியதும் தொடர வேண்டும். சில வீட்டார் நாள்தோறும் பணம் கொடுப்பதில்லை. மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பார்கள். சில கட்டடங்களில் காவலாளி ஆறரை மணிக்குமுன் மேலே விடமாட்டார். எவர்சில்வர் தூக்கில் வாங்குவோர் பழைய தூக்கைத் திருப்பித் தந்தாரா என்ற கணக்கும் உண்டு.

இவற்றில் ஒன்றையேனும் நிரல் எழுதும் இளைஞர் தாமாக அறிந்திருக்க முடியுமா? அம்மையாரும் இவற்றைச் சொல்லமாட்டார். மறைக்கும் எண்ணத்தால் அன்று. 'இதுகூடவா சொல்ல வேண்டும், யாருக்கும் தெரிந்ததுதானே' என்று அவர் கருதுவதால். இருபது ஆண்டு செய்த தொழிலில் நமக்கு மிகவும் தெரிந்தவை எவையோ, அவையே நம் வாயில் வாரா. மென்பொருள் வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆகவே நிறுவனத்தாரிடம் முதன்முதலாகப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டுவது, எண்ணெய்க் கறை படிந்த அந்த ஆர்டர் நோட்டுப் புத்தகம். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ரவிக்கை கொடுப்பது போன்றது இது. அதில் அடித்து எழுதியவை, ஓரத்தில் குறித்தவை, 'இந்த வீட்டுக்கு மணி அடிக்கக் கூடாது' என்ற குறிப்பு ஆகிய எல்லாம் அளவுகளே. முடிந்தால் அவ்விளைஞர்களுள் ஒருவரை ஒருநாள் விடியற்காலையில் கூட வரச் சொல்லுங்கள். ஒரு நாள் நேரில் பார்த்தவர் பத்துக் கூட்டங்களில் கேளாததைக் கேட்பார். இம்மாநகரின் டப்பாவாலாக்களைப் பாருங்கள். 1890 முதல் நடந்துவரும் தொழில். டப்பா எந்த நிலையத்திலிருந்து வந்தது, எங்கே இறங்க வேண்டும், எந்தக் கட்டடம், எந்த மாடி என்பதெல்லாம் மூடியின்மேல் சில எழுத்துகளிலும் நிறங்களிலும் அடங்கிவிடுகின்றன. வேலையின் ஒவ்வொரு படியையும் நடந்து பார்த்தவர் வகுத்த குறி அது.

நிற்க. தேவையைச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு அமெரிக்க நாட்டு வழக்கு ஒன்று நல்ல சான்று. ஹெர்ட்ஸ் என்பது உலகெங்கும் பெயர்பெற்ற வாடகைக் கார் நிறுவனம். அது 2016-இல் தன் இணையதளத்தையும் செல்பேசிச் செயலிகளையும் புதிதாக அமைக்க அக்சென்ச்சர் நிறுவனத்தை அமர்த்தியது. 2017 டிசம்பரில் வெளியாக வேண்டிய தளம் 2018 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. பின்னர் ஏப்ரலுக்குத் தள்ளிப்போயிற்று. இறுதியில் வெளிவரவே இல்லை. 2019 ஏப்ரலில் ஹெர்ட்ஸ் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. 3 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தும் பயன்படும் தளம் கிடைக்கவில்லை என்பது அதன் முறையீடு. அக்சென்ச்சர் அதனை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. நாம் கவனிக்கத் தக்கது, ஹெர்ட்ஸ் தன் முறையீட்டிலேயே எழுதிய ஒரு செய்தி. தேவைகளைத் திரட்டியதும் அக்சென்ச்சர். அவற்றுக்கேற்ப வடிவம் வகுத்ததும் அக்சென்ச்சர். அவ்வடிவம் ஹெர்ட்ஸின் தேவைக்குப் பொருந்துகிறதா என்று முடிவு செய்ததும் ஹெர்ட்ஸ் அன்று, அக்சென்ச்சரே!

தன் ரவிக்கை தனக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் தையற்காரரிடமே விட்டுவிட்டதற்கு இது ஒப்பாகும். அச்செய்தியை எதிர்தரப்பின் குற்றமாக ஹெர்ட்ஸ் எழுதிற்று. படிப்போர் பலருக்கு அது ஹெர்ட்ஸின் குறையாகவே தோன்றிற்று, எனக்கும் அவ்வாறே. செய்யும் வேலையை வெளியாரிடம் கொடுக்கலாம். 'இது வேண்டும், இது வேண்டா, இது பின்னர்' என்று முடிவு செய்யும் வேலையை எத்துணைப் பணம் கொடுத்தும் வெளியாரிடம் கொடுக்க இயலாது.

அவ்வாறு முடிவு செய்பவர் யார்? நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. 'அவனுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்' என்று பொறியியல் படித்த மருமகனை அனுப்பிவைத்துவிடுவார்கள். அவர் நிறுவனத்தாரோடு ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவார். சர்வர் என்பார், டேட்டாபேஸ் என்பார். ஆனால் தூக்குக் கணக்கு அவருக்குத் தெரியாது! அம்மையாருக்குத்தான் தெரியும். முடிவு செய்ய வேண்டியவர் வாடிக்கையாளரின் ஏச்சைக் காதால் கேட்பவர். மருமகன் துணைக்கு இருக்கட்டும்; கூட்டத்தில் அம்மையார் இருக்க வேண்டும், தமிழிலோ இந்தியிலோ அவரே பேச வேண்டும். முடிவு சொல்பவர் ஒருவராகவும் இருத்தல் வேண்டும். தந்தை பச்சை நிறம் வேண்டும் என்பார், மகன் நீலம் என்பார், மைத்துனர் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி இரண்டையும் மாற்றச் சொல்வார். செய்பவர் எதைச் செய்வார்? வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடுங்கள். வெளியே போகும் சொல் ஒன்றாக இருக்கட்டும். அதுவும் எழுத்தில், ஒரே இடத்தில் இருக்கட்டும். கேள்வி வந்தால் ஒரு நாளைக்குள் விடை சொல்லுங்கள். நீங்கள் ஒரு வாரம் விடை சொல்லாதிருந்தால் அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். தாமே ஒன்றை ஊகித்துச் செய்துவிடுவார்கள், அல்லது வேறொருவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

இங்கே சிலர் வேறு ஓர் எல்லைக்குப் போவதுண்டு. எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால் பின்னர்க் கவலை இல்லை என்று நினைக்கின்றனர். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அதனையும் செய்து பார்த்தது. குற்ற வழக்குக் கோப்புகளைக் கணினியில் ஏற்றும் திட்டத்தை 2001-இல் தொடங்கிற்று. தேவைகளைக் கூறும் ஆவணம் மட்டும் 800 பக்கத்திற்கு மேல். அவ்வளவு எழுதியும், வேலை நடக்கும்போதே தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன. சுமார் 17 கோடி டாலர் செலவான பின், 2005-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அடுத்த திட்டத்திற்கு சென்டினல் என்று பெயர். அது 2006-இல் தொடங்கியது. அதுவும் இடையில் தள்ளாடவே, 2010-இல் எஃப்.பி.ஐ. மேற்பார்வையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, வேலையைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முடித்துப் பார்த்து முன்னே சென்றது. 2012 ஜூலையில் சென்டினல் பயனுக்கு வந்தது. எழுத்து வேண்டும், மாவுக்காரம்மாளுக்குப் பத்துப் பக்கம் போதும். எஞ்சியதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

பார்ப்பது என்றால், இரு வாரங்களுக்கு ஒருமுறையேனும் ஓடுகின்ற மென்பொருளைக் கையில் வாங்கிப் பார்ப்பது. திரையில் படம் காட்டி விளக்குவதை மட்டும் பார்த்துத் தலையசைக்க வேண்டா. உங்கள் பழைய செல்பேசியில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். சிக்னல் விட்டு விட்டு வரும் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு ஆர்டர் கொடுத்துப் பாருங்கள். கண்ணாடி போட்ட பாட்டியிடம் கொடுத்து ஒன்றும் சொல்லிக்கொடாமல் அரை கிலோ மாவு வாங்கச் சொல்லுங்கள். மிகவும் முக்கியமாக, பணம் செலுத்தும்போது இடையில் இணைப்பு அறுந்தால் என்னாகும் என்று கேளுங்கள். யூபிஐ-யில் பணம் கணக்கிலிருந்து கழிந்துவிடும், ஆனால் 'வந்து சேர்ந்தது' என்ற செய்தி செயலிக்கு உடனே வாராமற் போகும் நிலை உண்டு. அப்பொழுது ஆர்டர் பதிவாகுமா? வாடிக்கையாளர் மீண்டும் அழுத்தினால் இருமுறை பணம் போகுமா? நல்ல நிறுவனத்தார் இக்கேள்விக்கு உடனே விடை வைத்திருப்பர். விழிப்பவர்களாயின், அதனையும் அறிந்துகொள்வது நன்றே.

பணத்தைப் பற்றிச் சில சொற்கள். வீடு கட்டியவர்கள் அறிவார்கள்: மேஸ்திரியோடு மொத்தக் காண்ட்ராக்டும் பேசலாம், நாள் கூலியும் பேசலாம். மென்பொருளிலும் இவ்விரண்டு வகையே. மொத்தத் தொகை என்றால், பேசியதற்கு மேல் ஒரு ஜன்னல் வைத்தாலும் தனிப் பணம் கேட்பார்கள், கேட்பது நியாயமுங்கூட. நாள் கணக்கு என்றால், நாம் அருகில் நின்று பார்க்க வேண்டும். முதன்முறையாகச் செய்விப்பவருக்கு நான் சொல்வது இது: ஆர்டர் எடுப்பதும் மறுநாள் பட்டியல் தருவதும் ஆகிய சிறு பகுதியை மட்டும் ஐந்தாறு வாரத்தில் செய்து தருமாறு மொத்தத் தொகைக்குப் பேசுங்கள். அதில் அவர்கள் உழைப்பும் பேச்சும் நாணயமும் தெரிந்துவிடும். பெரிய வேலையைப் பிறகு பேசலாம். மூன்று கொட்டேஷன் வாங்கினால், ஒன்று மற்ற இரண்டில் பாதியாக இருக்கும். மகிழ்ச்சியடையுமுன், எதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார்கள் என்று கேளுங்கள்.

வேலை தாமதமானால், 'இன்னும் நான்கு பேரைப் போடுங்கள்' என்று அதட்டுவது நம் இயல்பு. ஐபிஎம் நிறுவனத்தின் 360 கணினிக்கு இயங்குதளம் செய்த பணியை மேற்பார்த்தவர் பிரெடெரிக் புரூக்ஸ். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-இல் 'தி மித்திக்கல் மேன் மந்த்' என்னும் நூலில் அவர் எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரம் போய்விடும் என்பது காரணங்களுள் ஒன்று. ஆள் கூட்டுவதைவிட, 'முதலில் எதை விடலாம்?' என்று அவர்களோடு அமர்ந்து பேசுவது பயன் தரும். தூக்குக் கணக்கை இரண்டு மாதம் நோட்டிலேயே எழுதினால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

தவணைப் பணத்தை ஓடுகின்ற பகுதியைப் பார்த்துக் கொடுங்கள். பார்த்து ஏற்றபின் அன்றே கொடுங்கள். சிறு நிறுவனங்கள் மாதக் கடைசிச் சம்பளத்தை நம் பில்லிலிருந்துதான் கொடுக்கின்றன. இழுத்தடிப்பவர் வேலைக்குத் தேர்ந்த ஆள் நிலைக்கமாட்டார்.

இனி, சாவிகள். இதனை நான் எல்லாவற்றினும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீடு கட்டி முடிந்தபின் பத்திரம் மேஸ்திரி பெயரில் இருந்தால் ஒப்புக்கொள்வோமா? மென்பொருளில் பலர் தெரியாமலே ஒப்புக்கொள்கின்றனர். இணையத்தில் உங்கள் கடையின் பெயராக விளங்கும் டொமைன் யார் பெயரில் பதிவாகியுள்ளது? கூகிள் பிளே கணக்கு யாருடையது? அக்கணக்கைத் திறக்க ஒருமுறை 25 டாலர்தான் கட்டணம். அதனைச் சேமிக்க எண்ணி நிறுவனத்தின் கணக்கிலேயே செயலியை வெளியிட்டால், நாளை பிரியும்போது அவர்கள் தயவை நாட வேண்டும். சர்வர் வாடகை, பணம் பெறும் கணக்கு, வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப டிராய் விதிப்படி செய்யும் பதிவு ஆகிய எல்லாம் தொழில் நடத்துபவர் பெயரில் இருத்தல் வேண்டும். நிறுவனத்தாருக்கு வேலை செய்ய அனுமதி கொடுங்கள், உரிமையைக் கொடாதீர்கள்.

மூல நிரலைப் பற்றி நம் நாட்டுச் சட்டம் சொல்வது பலருக்கு வியப்பளிக்கும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரல் இலக்கியப் படைப்பு வகையைச் சேர்ந்தது. நம் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை நமக்கு. ஆனால் வெளி நிறுவனத்தை அமர்த்தி எழுதச் செய்தால், பணம் முழுவதும் கொடுத்துவிட்டோம் என்பதனாலேயே உரிமை நமக்கு வந்துவிடாது. எழுத்து மூலமாகக் கையொப்பமிட்டு மாற்றித்தர வேண்டும். அவ்வெழுத்திலும் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுக்கே என்று கொள்ளப்படும். இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். மாற்றிப்பெற்ற உரிமையை ஓராண்டிற்குள் பயன்படுத்தாவிட்டால் அது கழிந்துபோகும் என்ற விதியும் உண்டு. வேறுவகையாக எழுதிக்கொண்டால் அவ்வாறு கழியாது. ஆகவே ஒப்பந்தத்தில் இம்மூன்றுக்கும் ஒவ்வொரு வரி இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் பாருங்கள். நிரலை வேலை முடிந்தபின் வாங்கலாம் என்று இருக்க வேண்டா. முதல் வாரத்திலிருந்தே உங்கள் பெயரிலுள்ள கணக்கில் அது சேர்ந்துகொண்டே வரட்டும்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவையும் அவ்வாறே. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நமக்காகத் தரவைக் கையாளும் நிறுவனம் செய்யும் தவற்றுக்கும் நம்மையே பொறுப்பாக்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. முந்நூறு வீட்டார் எந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார் என்ற செய்தி மாவுக்காரம்மாளின் செயலியில் உள்ளதல்லவா? மே மாதம் ஊருக்குப் போகும் வீடுகளின் பட்டியல் யார் யார் கைக்குப் போகிறது என்று அவர் கேட்கத்தான் வேண்டும்.

பின் வரிசை இளைஞர்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பொருட்டும் ஒன்று. நிறுவனத்தில் நமக்காக வேலை செய்பவர் வேறு யாருமல்லர். இந்தக் காலனியிலிருந்தும் இதுபோன்ற காலனிகளிலிருந்தும் விடியற்காலை ரயில் பிடித்துப் போகும் பிள்ளைகளே. ஞாயிற்றுக்கிழமை இரவு அவர்களை அழைத்து ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றச் சொல்லாதீர்கள். ஒரு செயல் முடியாது என்று அவர்கள் சொன்னால் உடனே சினவாமல் ஏன் என்று கேளுங்கள். கெட்ட செய்தியைச் சொன்னவரைத் திட்டினால், அடுத்த கெட்ட செய்தி உங்களிடம் வருவதற்குள் காலம் கடந்திருக்கும்.

செயலி வெளியானபின் வேலை தீர்ந்ததென்று எண்ண வேண்டா. ஆண்ட்ராய்டு ஆண்டுதோறும் மாறுகிறது. அதற்கேற்பப் புதுப்பிக்காத செயலியைக் கூகிள் புதிய செல்பேசிகளுக்குக் காட்டாமலே விட்டுவிடும். ஆப்பிள் நிறுவனம் ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம் கேட்கும். ஆகவே கட்டும் செலவோடு பராமரிப்புச் செலவையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள்: எந்தப் பிழையை எத்தனை நாளில் திருத்துவார்கள், எத்தனை மாதம் வரை தனிப் பணம் இல்லாமல் திருத்துவார்கள், பிரிய நேர்ந்தால் அடுத்து வருபவருக்கு எத்தனை நாள் உடனிருந்து விளக்குவார்கள் என்பனவெல்லாம் அதில் வர வேண்டும். பிரிவைப் பற்றித் தொடக்கத்திலேயே பேசுவது அபசகுனம் என்று மாமிமார் சிலர் நினைக்கக்கூடும். நாணயமுள்ள நிறுவனத்தார் அவ்வாறு நினைக்கமாட்டார்கள்; அவர்களிடமே அதற்கான தாள் ஆயத்தமாக இருக்கும்.

ஒப்பந்தம் ஏதேனும் கையில் வைத்திருப்பவர்கள் காப்பி நேரத்தில் என்னிடம் காட்டலாம். சட்ட நுட்பம் எனக்குத் தெரியாது. எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்கிறேன்.